முன்னுரை அரை நிமிடம்

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதிய பெரியவர்கள் எல்லாரும் ஒரு மாபெரும் பிழை செய்திருக்கிறார்கள். லண்டன், பாரிஸ், மாஸ்கோ என்று ஊர் ஊராகச் சுற்றியவர்கள் தென்காசிப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் வருஷம் குற்றாலச் சீசன் சமயத்தில் மனித குலத்தின் தகவல் தொடர்பு எந்த உயரத்தைத் தொட்டது, தொட்டுவிட்டு யார் தலையில் விழுந்தது என்ற விவரமெல்லாம் உலகத்துக்குத் தெரிந்திருக்கும். போகட்டும். அந்தக் குறையை இந்தக் கதை நீக்குகிறது.

குற்றாலிங்கம் பிள்ளை பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தா. ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. காகிதத்தில் எழுதி, காகிதத்தில் முத்திரை குத்தி, காகிதத்தைக் காகிதத்தோடு தைத்து வைப்பது அவர் உத்தியோகம். அதனாலேயே காகிதம் என்றால் அவருக்கு ஓர் இளப்பம். "இன்னும் பத்தே வருஷம். அப்புறம் காகிதம்னா கடலை மடிக்க மட்டும்தான்" என்று ஆபீசிலேயே உரக்கச் சொல்வார். காகிதம் ஒழிந்தால் தம் நாற்காலியும் ஒழியுமே என்ற அற்ப யோசனையெல்லாம் மேதைகளுக்கு வராது.

அவர் நிறுவிய 'நவயுக விஞ்ஞானச் சிந்தனைக் கழக'த்தில் செயலாளரும் அவரே, பேச்சாளரும் அவரே. தலைவர் பதவி காலியாக இருந்தது. தகுதியுள்ள ஆள் அகப்படவில்லை. உறுப்பினர்கள் ஐந்து பேர். கழகத்தின் அசையாச் சொத்து, அவர் வீட்டுத் தெருச் சுவரில் அடித்திருந்த கரும்பலகை. தினமும் விடிந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதில் 'இன்றைய சிந்தனை' எழுதியாக வேண்டும். "சந்திரனில் மனை வாங்கினால் எந்த ஊர் ஆபீசில் பதிவது? சிந்திப்பீர்!" என்று ஒருநாள். "கம்ப்யூட்டருக்குக் கோபம் வருமா?" என்று ஒருநாள். "வீட்டுக்கு வீடு ரோபோ வருகிறது! உலக்கை ஒழிந்தது!" என்று எழுதிய அன்று, அவர் சம்சாரம் உலகம்மாள் வாசலில் வந்து வாசித்துவிட்டு, "இன்னைக்கே வருமா, இல்ல நான் மாவ இடிச்சிரட்டா?" என்று கேட்டாள். கேள்வியில் விஞ்ஞான நோக்கு இல்லாததால் அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் டெலிவிஷன் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும் அவரும் ஒன்று வாங்கி, முப்பதடிக் கம்பத்தில் ஆன்டெனாவை ஏற்றினார். திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. வேறொன்றும் தெரியவில்லை. நடுவே மலை மறிக்கிறதே! குற்றால மலையை முன்னூறு அடி மட்டும் குறைத்துத் தருமாறு மேலிடத்துக்கு மனு எழுதினார்.

"அருவி என்ன ஆகும் அண்ணாச்சி?" என்று துல்கர்னைன் கேட்டார்.

"முன்னூறு அடி கீழேயிருந்து விழட்டுமே. குளிக்கவன் தலைக்கும் நல்லதுதானே?"

இந்தத் துல்கர்னைன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். உறுப்பினர்களிலேயே மெஷினைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் என்பதால் கழகத்தில் அவருக்கு மரியாதை கொஞ்சம் மட்டுத்தான். விஞ்ஞானத்தைச் சிந்திப்பது வேறு, ஸ்க்ரூ டிரைவரால் நோண்டுவது வேறு. மனுவுக்குப் பதில் வருகிற வரைக்கும் உறுப்பினர்கள் வாராவாரம் கூடி அந்தப் புள்ளிகளையே பார்த்தார்கள். நூறு புள்ளியில் ஒன்று பிரபஞ்சம் பிறந்த அன்றைக்குக் கிளம்பி வந்தது என்று அண்ணாச்சி எங்கோ படித்திருந்தார். எது அந்த ஒன்று என்று எல்லாரும் கண் வலிக்கத் தேடினார்கள்.

கழகத்தின் அசையும் சொத்து ஒரு டூ-இன்-ஒன். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது. துபாய்க்காரர் ஒருவரிடம் வாங்கியது. அதற்கு உலகம்மாள் தைத்துப் போட்ட பூப்போட்ட உறையை, அதிகாரம் பெற்ற நபர் தவிர வேறு யாரும் நீக்கக் கூடாது. அதிகாரம் பெற்ற நபர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்வீட்டு ஷரீபுன்னிசா ஜூலை பத்தாம் தேதி காலையில் வந்தது விஞ்ஞானத்துக்காக அல்ல. ஒரு கடிதத்தைத் தபால் பெட்டியில் போடச் சொல்ல வந்தாள்.

அவள் புருஷன் கிதிர் முகம்மது ஷார்ஜாவில் இருந்தான். கல்யாணமாகி நாற்பத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. வருஷா வருஷம் அந்த வீட்டுச் சன்னலுக்கு அடிக்கிற பச்சை எனாமல் பெயிண்ட் மட்டும்தான் அவன் சம்பாத்தியம் என்று தெருவுக்குத் தெரிவது. அங்கிருந்து அவன் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவான். கேசட் வந்தால் வீட்டில் பெருநாள்தான். தாயார் ஜாஹிரா பீவி, கொழுந்தன், நாத்தனார்மார், அக்கம்பக்கம் என்று பன்னிரண்டு பேர் பெட்டியைச் சுற்றி உட்காருவார்கள். அவனும் முறை தவறாமல் ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லி, கடைசி ஆளாகப் பெண்சாதியிடம் வந்து சேர்வான். வருவதற்கும் டேப் தீர்வதற்கும் சரியாக இருக்கும். கட்டின புருஷனுடைய குரலோடு அவள் ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை.

போன கேசட்டின் கடைசியில் அவன் ஒன்று கேட்டிருந்தான். "ஷரீபா, ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. போட்டா இன்னும் ரெண்டு வருஷம். நீ வான்னு ஒரு வார்த்தை சொன்னேன்னா வந்திருதேன். ஊர்லயே ஒரு கடையப் போட்டுக்கிடலாம்." பன்னிரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

அதற்கான பதிலைத்தான் நீல நிற ஏரோகிராம் தாளில், குண்டு குண்டான எழுத்தில் எழுதி, ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, அண்ணாச்சி ஆபீஸ் போற வழியில இதப் பெட்டியில போடச் சொல்லுங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள் உலகம்மாளிடம்.

அண்ணாச்சி அப்போதுதான் பலகை எழுதிவிட்டுச் சுண்ணக் கையோடு உள்ளே வந்தார். ஏரோகிராமைச் செத்த பல்லியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் தூக்கினார்.

"என்னது தாயி இது?"

"அவுகளுக்குக் கடிதாசி, அண்ணாச்சி."

"இது எந்த வருஷம்?"

"எம்பத்தி நாலு."

"நம்ம நாட்டு ஆளு ஆகாசத்துல போயி உக்காந்துக்கிட்டு பூமியோட பேசிட்டு எறங்கியே மூணு மாசம் ஆச்சு. நீ என்னன்னா தாளுல எழுதி எச்சி தொட்டு ஒட்டிட்டு வந்து நிக்கே! இது போய்ச் சேரப் பன்னெண்டு நாளு. சேந்தாலும் எழுத்துக்குக் குரலு உண்டா? கண்ணீரு உண்டா?"

"ஒண்ணாந்தேதிக்குள்ள போயிருமுல்லா அண்ணாச்சி? இன்னைக்குப் பத்துதானே ஆகுது."

"போகும். மாட்டு வண்டியும்தான் மதுரைக்குப் போகும். நம்ம ஒலி முகம்மது லீவு முடிஞ்சு வியாழக்கிழமை திருவனந்தபுரத்துல ஏறுதான். சனிக்கிழமை உன் குரலு ஷார்ஜாவுல நிக்கும். உள்ள போ, கதவ அடைச்சுக்கோ, தனியா உக்காந்து மனசுல உள்ளதப் பேசு. ஒரு ஈ காக்கா கேக்காது."

'தனியா' என்ற சொல்லில்தான் அவள் விழுந்தாள். அந்தச் சொல்லை அவளிடம் மூன்று வருஷமாக யாரும் சொன்னதில்லை.

சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார். பூப்போட்ட உறை நீக்கப்பட்டது. கதவு அடைபட்டது. ஏழு நிமிடம் கழித்து ஷரீபுன்னிசா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் அப்படியொரு தெளிவாக இருந்தது. எத்தனையோ நாளாய்ச் சுமந்ததை இறக்கி வைத்த முகம் அது.

"மொதல்ல பேச்சே வரல அண்ணாச்சி, அரை நிமிஷம் சும்மாவே ஓடிருச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழிஞ்சு கிழிஞ்சு போயிராதுல்லா?"

"அழியவா? கேசட்டுக்குப் பின்னால பாரு, ரெண்டு பல்லு மாதிரி இருக்குல்லா? அத உடைச்சுட்டா அப்புறம் எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாது."

"அப்ப உடைச்சிருங்க அண்ணாச்சி."

"உடைக்கேன் தாயி, உடைக்கேன். நீ நிம்மதியாப் போ."

ஏரோகிராமை என்ன செய்வதாம்? அண்ணாச்சி அதைக் கழகத்தின் காட்சிசாலையில் சேர்த்தார். காட்சிசாலை என்பது கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு. காடா விளக்கு, கட்டைப் பேனா ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்து, சீட்டும் ஒட்டினார்: "காட்சிப் பொருள் எண் 7. கடிதம். முற்கால மனிதர் பயன்படுத்தியது."

பல்லை அப்போதே உடைத்திருக்கலாம். ஆனால் முன்னுரை இல்லாத பதிவை விஞ்ஞான உலகம் ஏற்குமா? இன்ன ஊர், இன்ன தேதி, இன்ன கழகத்தின் உதவியால் இது பதிவாகிறது என்று ஒரு வார்த்தை வேண்டாமா? நல்லவேளையாகத் தொடக்கத்தில் அரை நிமிடம் காலியாகக் கிடப்பதாக அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். அரை நிமிடம் தாராளம். அண்ணாச்சி டேப்பை முதலிலிருந்து சுற்றி வைத்தார், இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினார், வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரன்புடையீர்!" என்று தொடங்கினார்.

அண்ணாச்சியின் பேச்சைப் பற்றி இங்கே ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் கழகம் ஐந்தருவிக்கு இன்பச் சுற்றுலா போயிற்று. உறுப்பினர்கள் ஐந்து பேரும் தலை நிறைய எண்ணெய் வைத்து, துண்டைக் கட்டி, அருவிக்குள் கால் வைக்கப் போகிற சமயத்தில் "இரண்டே வார்த்தை" என்று அண்ணாச்சி நன்றியுரை தொடங்கினார். ஐம்பது நிமிடம். எண்ணெய் காதில் இறங்கி, கழுத்தில் இறங்கி, கணுக்காலுக்கு வந்துவிட்டது. முடித்துவிட்டு, "சுருக்கமாச் சொல்லிட்டேன்" என்று கண்ணைத் திறந்தார்.

முன்னுரையும் அப்படியே சுருக்கமாக அமைந்தது. புறா விடு தூதில் தொடங்கி, தந்தி, டெலிபோன் வழியாக, செயற்கைக் கோளை எட்டிப் பிடித்து, தென்காசிக்கு இறங்கி வந்தது. "சோறு ஆறுது, வாரியளா இல்லையா?" என்று உலகம்மாள் கதவைத் தட்டியதால்தான் நின்றது. அரை நிமிடம் பேசியதாகவே அண்ணாச்சி மனதார நம்பினார். போட்டுக் கேட்டுச் சரி பார்த்திருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அடுத்தவர் அந்தரங்கம் காதில் விழுமே! அந்த விஷயத்தில் அண்ணாச்சி நெருப்பு. கேட்கவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து, மறுபக்கம் முப்பது நிமிடம் வீணாகக் கிடப்பதைச் சகிக்க மாட்டாமல், 'கி.பி. இரண்டாயிரத்தில் தென்காசி' என்ற தலைப்பில் ஓர் உரையையும் பேசி நிரப்பினார். எல்லாம் முடிந்தபின் பேனாக் கத்தியால் இரண்டு பல்லையும் உடைத்தார். சொன்ன சொல் தவறாதவர்.

வியாழக்கிழமை ஒலி முகம்மது கேசட்டோடு புறப்பட்டான். பலகையில் அன்றைய சிந்தனை: "தூரம் ஒழிந்தது!" அந்த வரி அண்ணாச்சிக்கே ரொம்பப் பிடித்துப் போயிற்று. வேறு சிந்தனை எழுத மனம் வரவில்லை. சாரலில் மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே மறுபடி எழுதினார்.

ஆகஸ்ட் பிறந்தது. ஷரீபுன்னிசா யாருக்கும் காரணம் சொல்லாமல் அந்த வருஷம் சன்னலுக்குத் தானே பெயிண்ட் அடிக்கத் தொடங்கினாள். ஒரு சன்னலை ஒரு வாரம் அடித்தாள். செங்கோட்டை ரோட்டிலிருந்து டாக்ஸி எதுவும் தெருவுக்குள் திரும்பினால் பச்சைக் கையோடு எட்டிப் பார்ப்பாள். அது வேறு வீட்டு டாக்ஸியாக இருக்கும். மறுபடி கம்பியைத் தேய்ப்பாள்.

பதினெட்டாம் தேதி வந்த டாக்ஸி அவள் வீட்டு வாசலிலேயே நின்றது. இறங்கியவன் ஹபீபுல்லா, ஷார்ஜாவில் கிதிர் முகம்மதுவோடு ஒரே தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவன். கையில் ஒரு கேசட். மேலே எழுதியிருந்தது: "குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கும் வீட்டாருக்கும்."

அண்ணாச்சியின் பெயர் முதலில் இருந்ததால் அதை அவர் வீட்டில் வைத்துக் கேட்பதுதான் முறை என்று முடிவாகி, மறுநாள் ஞாயிறு காலை கழகத்தின் 'அவசரச் சிறப்புக் கூட்டம்' கூட்டப்பட்டது. ஐந்து உறுப்பினர்களும் வந்தார்கள். ஜாஹிரா பீவியும் ஷரீபுன்னிசாவும் கதவோரம் பாயில் உட்கார்ந்தார்கள். பூப்போட்ட உறை நீங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது பெட்டி. "மொத ஸலாம் குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு. உங்க பேச்ச எங்க கேம்ப்ல நாப்பது பேரு உக்காந்து கேட்டோம் அண்ணாச்சி. ரெண்டாயிரத்துல புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு போனச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, நெனச்ச நேரம் பேசிக்கிடுவாங்கன்னு சொன்னியள்லா, அந்த எடத்துல எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு மலையாளத்துக்காரன் அழுதே போட்டான்."

உறுப்பினர்களும் கை தட்டினார்கள். அண்ணாச்சி அடக்கத்தோடு கூரையைப் பார்த்தார். பெட்டி தாயாருக்கு ஸலாம் சொன்னது, தம்பிக்குச் சொன்னது, தங்கைமாருக்குச் சொன்னது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஷரீபா. நீ பேசின கேசட்டுன்னு ஒலி முகம்மது கையில குடுத்தான். கதவச் சாத்திட்டு நான் மட்டும் மொதல்ல கேட்டேன். அண்ணாச்சி பேசுதாக, பேசுதாக. சரி, அடுத்தாப்புல நீ வருவேன்னு இருந்தேன். வந்தே. 'வேற ஒண்ணும் இல்ல. உடம்பப் பாத்துக்கிடுங்க'ன்னு சொன்னே. அதோட முடிஞ்சு போச்சு. நாலு தடவ திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். அவ்வளவுதான் இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டேன், நீ சொல்லல. சரி, உனக்கு அதான் நல்லதுன்னு படுதுன்னா எனக்கும் நல்லதுதான். ஒண்ணாந்தேதி கையெழுத்துப் போட்டுட்டேன்."

அதற்கப்புறம் டேப் வெறுமனே இரைந்தது. நிறுத்துவதற்கு அதிகாரம் பெற்ற நபர் நிறுத்தவில்லை.

"நான் ஏழு நிமிஷம் பேசினேன் அண்ணாச்சி" என்றாள் ஷரீபுன்னிசா.

துல்கர்னைன் எழுந்துபோய்ப் பெட்டியை நிறுத்தினார். "அண்ணாச்சி, அந்தக் கேசட்டுல நீங்க எதுவும் பேசினியளா?"

"ஒரு முன்னுரை. வேறென்ன?"

"எந்த எடத்துல?"

"முன்னுரைய முன்னாலதானேய்யா பேசணும்? ஆரம்பத்துல காலியா கெடந்துதே, அங்கனதான்."

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம்."

ஐந்தருவியில் எண்ணெயோடு நின்ற ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன.

"பல்ல உடைச்சியளா அண்ணாச்சி?" என்று ஷரீபுன்னிசா கேட்டாள்.

"உடைச்சேன் தாயி. ரெண்டையும் உடைச்சேன்."

"எப்ப?"

"எல்லாம் பேசி முடிச்ச பொறவு."

"அப்ப உங்க பேச்சு அழியாது."

"அழியவே அழியா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே பாதியில் நின்ற முதல் வாக்கியம் அதுதான்.

ஜாஹிரா பீவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏட்டி, நீ என்னத்தப் பேசினே?"

"வரச் சொன்னேன் மாமி."

கிழவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "எம் புள்ள வர்றது எனக்குக் கசக்குமா? நீ அன்னைக்கு எந்திரிச்சுப் போகவும், ஒனக்குத்தான் இஷ்டமில்ல போலன்னு நான் வாயத் தெறக்காம இருந்துட்டேன்டி!" என்று ஓவென்று அழுதாள்.

அண்ணாச்சிக்கு இந்த நேரத்தில் விஞ்ஞான விளக்கம் தேவை என்று பட்டது. "அதாவது, காந்தப் பதிவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச்சுன்னா, முந்தினது தானா நீங்கிரும். இது வந்து ஒரு இயற்கை நியதி..."

"எங் கடிதாசிய எடுங்க அண்ணாச்சி" என்றாள் ஷரீபுன்னிசா.

கண்ணாடி அலமாரி திறந்தது. காட்சிப் பொருள் எண் 7 வெளியே வந்தது. அவள் அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துப் பாயின் மேல் வைத்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு ஸ்டாம்புகூட ஒட்ட வேண்டாம் அண்ணாச்சி. அச்சடிச்சே இருக்கு. பெட்டியில போட்டிருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, தாளை மடியில் செருகி, மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

அன்று மத்தியானம் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. உலகம்மாள் இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைட்ட போயி, தப்பு எம்மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"சொல்லணும்தான். திடுதிப்புன்னு போயி எப்படிச் சொல்லுதது? ஒரு முன்னுரை வேண்டாமா?"

"அரை நிமிஷமா?" என்று கேட்டுவிட்டு அவள் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி சுண்ணக்கட்டியும் ஈரத் துணியுமாகப் பலகைக்கு வந்தார். 'விஞ்ஞானமும் மறதியும்' என்று பொதுப்படையாக ஒரு சிந்தனை தயாராக வைத்திருந்தார். பலகையில் "தூரம் ஒழிந்தது!" அப்படியே இருந்தது. அதற்குக் கீழே யாரோ இன்னொரு வரி சேர்த்திருந்தார்கள். குண்டு குண்டான எழுத்து.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு அண்ணாச்சி."

எதிர்வீட்டுச் சன்னல் சாத்தியிருந்தது. ஒரு பாதிக்குப் பெயிண்ட் அடித்து, மறுபாதி துருவாக நின்றது. தெருவில் ஆள் வருவதற்குள் அண்ணாச்சி ஈரத் துணியால் பலகையை அழுத்தி அழுத்தித் துடைத்தார். மேல் வரி ஒரே இழுப்பில் போயிற்று. கீழ் வரி பச்சை எனாமல்.